பல ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களுக்குப் பொதுவான பில்ட், டிப்ளாய் அமைவு: எதைப் பகிர்வது, எதை அந்தந்தத் திட்டத்திடமே விடுவது?

செக்காலை நிரலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்தவர்களே. கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்துபவர், ஆத்தங்குடியில் பூக்கல் செய்து விற்பவர், கண்டாங்கிச் சேலைக் கடைக்காரர், சீப்புச் சீடையும் தேன்குழலும் வெளியூர்களுக்கு அனுப்பும் ஆச்சி ஒருவர் என்று மொத்தம் 7 திட்டங்கள் இப்போது எங்கள் பராமரிப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி ரெப்போ (நிரல் களஞ்சியம்) இருக்கிறது. எல்லாம் ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட், வீட் (Vite என்ற பில்ட் கருவி) ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட்டவை. கிட்ஹப்பின் தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் வழியாக பில்ட் ஆகி (உலாவிக்கான கோப்புகளாக மாறி), கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி மூலம் சர்வருக்குச் செல்கின்றன (டிப்ளாய்).

புதிய திட்டம் தொடங்கும்போதெல்லாம் முந்தைய திட்டத்தின் கான்ஃபிக் (அமைவு) கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைப்பதுதான் நிறுவனத்தில் வழக்கம். நகல்கள் நாளடைவில் ஒவ்வொரு திசையில் போய்விட்டன. இரண்டு திட்டங்களில் டைப்ஸ்கிரிப்டின் ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பான வகைச் சரிபார்ப்பு) அணைக்கப்பட்டிருக்கிறது. மூன்றில், நிரலை விதிகளின்படி சரிபார்க்கும் (லின்ட்) கருவியான எஸ்லின்ட் இன்னும் பழைய ஆர்சி கோப்பு முறையிலேயே இருக்கிறது. ஒன்று நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) 18-லும் மற்றவை 20, 22 ஆகியவற்றிலும் பில்ட் ஆகின்றன. டிப்ளாய் கோப்புகளின் நிலை இன்னும் மோசம்: ஆர்சிங்க் கட்டளை சிலவற்றில் சர்வரிலுள்ள பழைய கோப்புகளை அழிக்கிறது, சிலவற்றில் அழிப்பதில்லை. எது சரி, ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதைச் சொல்ல எழுதியவர்கள் இப்போது நிறுவனத்தில் இல்லை. சர்வர் முகவரி மாறிய அன்று ஒவ்வொரு ரெப்போவாகத் திறந்து திருத்த வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே மோனோரெப்போவில் (பல திட்டங்கள் சேர்ந்திருக்கும் ஒரே ரெப்போவில்) கொண்டுவருவதா, கான்ஃபிக் கோப்புகளை மட்டும் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு நிறுவி) தொகுப்பாக வெளியிடுவதா, டிப்ளாய் படிகளை எப்படிப் பொதுவாக்குவது என்று கேட்க விரும்புகிறேன். ஒரு கட்டுப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். சில ரெப்போக்கள் வாடிக்கையாளரின் சொந்த கிட்ஹப் கணக்கில் இருக்கின்றன. நாளை அவர் வேறொரு நிறுவனத்திடம் பணியை ஒப்படைக்க நினைத்தால், எங்கள் உதவி இல்லாமலேயே அந்த ரெப்போ பில்ட் ஆக வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உள்ளது.

தேவகோட்டை ரஸ்தா

கான்ஃபிக் கோப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; டிப்ளாய் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

தொகுப்பு எழுதத் தொடங்கும் முன் 7 திட்டங்களின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றாக இருக்கும் வரிகளை இரண்டாகப் பிரியுங்கள். குழு கூடி முடிவெடுத்ததால் ஒன்றாக இருப்பவை ஒரு வகை: ஸ்ட்ரிக்ட் இயங்க வேண்டும், பயன்படாத மாறி பிழையாகக் கருதப்பட வேண்டும், குறைந்தபட்ச நோட் பதிப்பு இது என்பன போன்றவை. நகலெடுத்ததால் ஒன்றாக இருப்பவை மறுவகை: வெளியீட்டு அடைவின் பெயர், தளம் எந்தத் துணைப் பாதையில் இயங்குகிறது என்ற பேஸ் மதிப்பு, மாற்றுப் பெயர்ப் பாதைகள் போன்றவை. முதல் வகை மட்டுமே பொதுத் தொகுப்புக்குள் போக வேண்டும். இரண்டாவது வகையை உள்ளே வைத்தால், ஒரு திட்டத்துக்காக அதை மாற்றும் நாளில் பொதுத் தொகுப்புக்குள் "இந்தத் திட்டமாக இருந்தால்" என்ற நிபந்தனைகள் முளைக்கத் தொடங்கும். அப்படி முளைத்த பொதுத் தொகுப்பை நகல்களைவிடப் பெரிய தொல்லை என்றே சொல்வேன்.

டைப்ஸ்கிரிப்டிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் இடறும் இடங்கள் அதில்தான் அதிகம். என்பிஎம் தொகுப்பாக நிறுவிய அடிப்படைக் கோப்பை எக்ஸ்டென்ட்ஸ் மூலம் நீட்டிக்கும் வசதி 2018-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்தே உள்ளது. ஒன்றுக்கு மேற்பட்ட அடிப்படைகளைப் பட்டியலாகக் கொடுக்கும் வசதி 2023-இல் 5.0 பதிப்பில் வந்தது. எனவே "உலாவிக்கானது", "நோடுக்கானது", "கண்டிப்பு விதிகள்" என்று சிறு சிறு கோப்புகளாகப் பிரித்து வைத்து, தேவையானவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கம்பைலர் தெரிவுகள் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு இணைக்கப்படும். ஆனால் லிப், டைப்ஸ், பாத்ஸ் போன்ற பட்டியல் அல்லது தொகுதி மதிப்புகளைத் திட்டத்தின் கோப்பில் எழுதினால், அடிப்படையில் இருந்தது முழுவதும் நீக்கப்பட்டுப் புதியது மட்டுமே நிற்கும். அடிப்படையில் டாம் (உலாவிப் பக்கத்துக்கான வகைகள்) நூலகம் லிப் பட்டியலில் இருக்கிறது என்று நம்பி, திட்டத்தில் வேறொரு லிப் மதிப்பை மட்டும் எழுதியவர், டாக்குமென்ட் என்ற பெயரே தெரியாது என்று கம்பைலர் சொல்லும்போது விழிப்பார்.

அடுத்தது பாதைகள். அடிப்படைக் கோப்பில் எழுதப்பட்ட சார்புப் பாதைகள், நீட்டிக்கும் திட்டத்தைப் பொறுத்தல்லாமல் அந்த அடிப்படைக் கோப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்தே கணக்கிடப்படும். அடிப்படையில் அவுட்டிர் (வெளியீட்டு அடைவு) என்பதற்கு டிஸ்ட் என்று எழுதினால், வெளியீடு, நிறுவிய தொகுப்புகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் அடைவுக்குள் உள்ள உங்கள் தொகுப்பின் வயிற்றுக்குள் போய் விழும். இன்க்லூட் (எந்த மூலக் கோப்புகளைச் சேர்ப்பது என்ற வரி) எழுதினாலும் அதே கதைதான். மூலக் கோப்புகளை அங்கே தேடிவிட்டு எதுவும் இல்லை என்று பிழை தரும். 2024 ஜூனில் வந்த 5.5 பதிப்பில் கான்ஃபிக்டிர் என்ற மாறியைச் சேர்த்து இதற்கு வழி செய்திருக்கிறார்கள். அந்த மாறியை டாலர் குறியும் அடைப்பும் இட்டு அடிப்படைக் கோப்பில் எழுதினால், இறுதியாக நீட்டிக்கும் திட்டத்தின் அடைவாக அது விரியும். உங்கள் 7 திட்டங்களும் 5.5 அல்லது அதற்கு மேல் இருக்கும் என்று உறுதியாகத் தெரியாதவரை, பாதை உள்ள எந்த வரியையும் அடிப்படையில் வைக்காதீர்கள்.

எஸ்லின்டைப் பொறுத்தவரை, பழைய ஆர்சி முறையிலிருக்கும் மூன்று திட்டங்களையும் முதலில் ஃப்ளாட் முறைக்கு மாற்றிவிட்டு அதன் பிறகு பகிர்வதைப் பற்றி யோசியுங்கள். பழைய முறையில் பகிரப்படும் கான்ஃபிக் தனக்கு வேண்டிய பிளக்-இன்களைத் தன்னுடன் எடுத்து வர இயலாது. ஒவ்வொரு திட்டமும் அவற்றைத் தனித்தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் வந்த 9-ஆம் பதிப்பில் இயல்பு முறையாகிவிட்ட ஃப்ளாட் கான்ஃபிக், ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் பட்டியல். பிளக்-இன்னை அதே கோப்பில் இம்போர்ட் செய்வதால், அது பொதுத் தொகுப்பின் டிபென்டன்சியாகவே (சார்ந்திருக்கும் தொகுப்பாகவே) வந்துவிடும். திட்டத்தின் கோப்பில் மிஞ்சுவது நான்கைந்து வரிகள்தான். நிரலின் வடிவத்தைச் சீராக்கும் ப்ரிட்டியருக்கு இன்னும் எளிது: திட்டத்தின் டிபென்டன்சிகளைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசனில் ப்ரிட்டியர் என்ற திறவுகோலுக்கு எதிரே தொகுப்பின் பெயரை எழுதினால் போதும்.

வீட் கான்ஃபிக்கைப் பகிரும்போது மெர்ஜ் கான்ஃபிக் என்ற உதவிச் செயற்கூறைப் பலரும் நாடுவார்கள். அது பட்டியல்களை ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிவிடுவதால், அடிப்படையிலும் திட்டத்திலும் ரியாக்ட் பிளக்-இன் இருந்தால் அது இரண்டு முறை ஓடும். மேலும் செயற்கூறு வடிவில் எழுதிய கான்ஃபிக்கை அது நேரடியாக ஏற்பதில்லை. ஆகையால் கான்ஃபிக்கை ஆப்ஜெக்டாக ஏற்றுமதி செய்வதற்குப் பதிலாக, பேஸ் மதிப்பு, போர்ட் எண் போன்றவற்றை உள்ளீடாகப் பெற்று முழுக் கான்ஃபிக்கையும் திருப்பித் தரும் ஒரு செயற்கூறை ஏற்றுமதி செய்வதையே நான் விரும்புகிறேன். எதையெல்லாம் திட்டம் மாற்றலாம் என்பது அந்த உள்ளீடுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வீட், எஸ்லின்ட், டைப்ஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் பொதுத் தொகுப்பின் பீர் டிபென்டன்சியாக (பயன்படுத்தும் திட்டமே தர வேண்டிய சார்பாக) மட்டும் குறிப்பிடுங்கள். நேரடி டிபென்டன்சியாக வைத்தால் ஒரே திட்டத்துக்குள் இரண்டு வீட் பதிப்புகள் குடியேற வாய்ப்புண்டு.

உங்கள் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். இந்தத் தொகுப்பில் ரகசியம் எதுவும் இருக்கப்போவதில்லை. அதைப் பொது என்பிஎம் பதிவகத்திலேயே வெளிப்படையாக வெளியிட்டுவிடுங்கள். தனிப் பதிவகம் வைத்தால், வாடிக்கையாளர் வேறு நிறுவனத்திடம் போகும் நாளில் அந்த நிறுவனத்தாருக்கும் டோக்கன் கொடுக்க வேண்டியிருக்கும்.

கழனிவாசல்

மேலே உள்ளவர் சொன்னவை சரியானவை என்றாலும், மோனோரெப்போவை அவர் ஒரு வார்த்தையில்கூடக் கருதவில்லையே என்பது என் குறை. 2020 அக்டோபரில் வந்த என்பிஎம் 7-இலிருந்தே வொர்க்ஸ்பேஸ் வசதி (ஒரே ரெப்போவில் பல தொகுப்புகள்) உள்ளுறையாக இருக்கிறது. அதற்கு மாற்றான பிஎன்பிஎம்மில் கேட்டலாக் வசதியும் சேர்ந்துவிட்டதால், எல்லாத் திட்டங்களுக்குமான ரியாக்ட் பதிப்பை ஒரே கோப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம். தொகுப்பை வெளியிடுவது, பதிப்பு எண் உயர்த்துவது, ஒவ்வொரு ரெப்போவிலும் புதுப்பிப்பது என்ற சுற்று முழுவதும் இல்லாமல் போகும். ஒரு விதியை மாற்றினால் எந்தத் திட்டம் உடைகிறது என்பது அதே கமிட்டில் தெரியும்.

தேவகோட்டை ரஸ்தா

கருதாமல் விடவில்லை, அண்ணன்; ரெப்போக்கள் வாடிக்கையாளரின் கணக்கில் இருக்கின்றன என்ற வரியோடு அந்த வழி அடைபட்டுவிட்டது என்று நினைத்து எழுதாமல் விட்டேன். ஒரே உரிமையாளர், ஒரே குழு, ஒன்றையொன்று சார்ந்த செயலிகள் என்றால் நானும் மோனோரெப்போவைத்தான் சொல்வேன். இங்கே உரிமை பிரிந்து கிடக்கிறது. பங்காளிகள் அனைவரும் சம்மதித்தால்தான் ஒரு ஓட்டை மாற்ற முடியும் என்ற நிலையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நம் ஊர்த் தெருக்களில் நாள்தோறும் பார்க்கிறோம். 7 உரிமையாளர்களின் நிரலை ஒரே கூரையின் கீழ் வைத்தால் பதிப்பு உயர்வு ஒவ்வொன்றும் அப்படித்தான் நிற்கும். ஒரு திட்டம் ரியாக்டின் புதிய பதிப்புக்குப் போகலாம், இன்னொன்று இந்த ஆண்டு முழுவதும் அசையாமல் இருக்கலாம் என்ற சுதந்திரம் இவர்களுக்குத் தேவை. பதிப்பு எண் கொண்ட தொகுப்பு அதைத் தருகிறது.

கழனிவாசல்

உரிமை பற்றிய வரியை நான் மேலோட்டமாகப் படித்திருக்கிறேன். இந்தச் சூழலுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதுத் தொகுப்புகளை, அதாவது டைப்ஸ்கிரிப்ட், எஸ்லின்ட், வீட் அடிப்படைகள் மூன்றையும், மூன்று ரெப்போவாகப் பிரிக்காமல் ஒரே ரெப்போவில் வொர்க்ஸ்பேஸாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மோனோரெப்போ உங்களுக்கும் பயன்படும்.

செக்காலை நிரலர்

இருவருக்கும் நன்றி. தொகுப்பு வழியே செல்வதென்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் ஒரு அச்சம் இருக்கிறது. பொதுத் தொகுப்பில் புதிய லின்ட் விதி ஒன்றைச் சேர்த்தால், பழைய திட்டம் ஒன்று அடுத்த பில்டிலேயே நூற்றுக்கணக்கான பிழைகளுடன் நின்றுவிடாதா? பலகாரக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்தான் ஆண்டின் பெரும் விற்பனைக் காலம். அந்த நேரத்தில் விலைப் பட்டியலை மாற்றுவதற்காக ஒரு வரியைத் திருத்தி அனுப்பும்போது பில்ட் நின்றால் ஆச்சிக்கு என்ன விளக்கம் சொல்வது?

தேவகோட்டை ரஸ்தா

லாக் கோப்பை (நிறுவிய பதிப்புகளின் பதிவை) ரெப்போவில் சேர்த்து, பைப்லைனில் (தானியங்கி பில்ட், டிப்ளாய் வரிசையில்) என்பிஎம் இன்ஸ்டால் கட்டளைக்குப் பதிலாக என்பிஎம் சிஐ கட்டளையைப் பயன்படுத்தினால் நீங்கள் அஞ்சுவது நடக்காது. அது லாக் கோப்பில் உள்ள பதிப்புகளை மட்டுமே நிறுவும். பேக்கேஜ் ஜேசனுக்கும் லாக் கோப்புக்கும் பொருத்தம் இல்லையென்றால் நிறுவாமல் பிழை தரும். நீங்கள் வேண்டுமென்று புதுப்பிக்கும்வரை பழைய விதிகளே ஓடும்.

அத்துடன் பதிப்பு எண்ணுக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். பிழை என்ற நிலையில் புதிய விதி சேர்ந்தாலோ, நோடின் குறைந்தபட்சப் பதிப்பு உயர்ந்தாலோ, அது பெரும் பதிப்பு. நிரலின் நடத்தை மாறாவிட்டாலும், நேற்று பச்சையாக இருந்த பில்டைச் சிவப்பாக்கக் கூடியது எதுவோ அது உடைக்கும் மாற்றம்தான். எச்சரிக்கை என்ற நிலையில் சேர்ப்பதைச் சிறு பதிப்பாக விடலாம். ஆனால் எச்சரிக்கை எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து லின்டை ஓட்டும் திட்டம் இருந்தால் அதுவும் உடையும், பார்த்துக்கொள்ளுங்கள். தொகுப்பை 0-வில் தொடங்கும் பதிப்புகளிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதும் வேண்டாம். கேரட் குறியிட்ட 0.2.3 (^0.2.3) என்பது 0.3.0-ஐ ஏற்காது என்பதால், சிறு மாற்றங்கள்கூடத் தாமாக வந்து சேராது.

பள்ளத்தூர்வாசி

டிப்ளாய் பகுதிக்கு என் பங்கு. அழிப்பதா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் பகிர்வதற்கு முன் சரியான ஒன்று கையில் இருக்க வேண்டும். வீட் தன் வெளியீட்டுக் கோப்புகளின் பெயரில் உள்ளடக்கத்தைப் பொறுத்த ஹேஷ் (அடையாளக் குறி) ஒன்றைச் சேர்க்கிறது. காலையில் விடுதியின் தளத்தைத் திறந்து வைத்துவிட்டு, மதியம் அறையைப் பதிவு செய்யும் பொத்தானை ஒருவர் அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்துக்கான துண்டுக் கோப்பு அப்போதுதான் கேட்கப்படும். அவர் உலாவியில் இருப்பதோ பழைய ஹேஷ். இடையில் நீங்கள் டிப்ளாய் செய்து பழைய கோப்புகளை அழித்திருந்தால், பொத்தான் அசையாமல் நிற்கும். ஆகவே ஹேஷ் கொண்ட கோப்புகளை முதலில் அழிக்காமல் ஏற்றி, இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லைக் கடைசியாக மாற்றி, பழையவற்றைச் சில நாட்கள் கழித்துத் தனியாக அகற்றுவதே முறை. இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லை உலாவி சேமித்து வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்கும்படி தலைப்பு வரியும் தர வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் தவறும் ஒரு சில பயனர்களுக்காக, வீட் எழுப்பும் ப்ரீலோட் எரர் நிகழ்வைக் கேட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றலாம்.

இந்த வரிசையை ஒரே இடத்தில் எழுதி வைப்பதற்குக் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் இரண்டு வழிகள் உள்ளன: மறுபயன் வொர்க்ஃப்ளோ (பிற ரெப்போக்கள் அழைக்கக்கூடிய பணி வரிசை) ஒன்று, காம்போசிட் ஆக்ஷன் (பல படிகளை ஒரே படியாகக் கட்டியது) மற்றொன்று. மறுபயன் வொர்க்ஃப்ளோவில் முழு ஜாபையும் எழுதலாம். ஆனால் அதற்குள் செக்அவுட் செய்தால் (ரெப்போவின் கோப்புகளை எடுத்தால்) கிடைப்பது அழைத்த திட்டத்தின் ரெப்போ; வொர்க்ஃப்ளோவுக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்த டிப்ளாய் ஸ்கிரிப்ட் வராது. ஸ்கிரிப்டும் உடன் வர வேண்டுமானால் காம்போசிட் ஆக்ஷன்தான் தோது, அது இருக்கும் அடைவின் பாதையை அதற்குள்ளிருந்தே பெறலாம். காம்போசிட்டுக்குள் ரகசியங்களை நேரடியாகப் படிக்க முடியாது என்பதால், சாவிகளை உள்ளீடாகத் தர வேண்டும். நான் செய்வது இரண்டும் கலந்தது: படிகள் காம்போசிட்டில், அதை அழைக்கும் ஜாப் மறுபயன் வொர்க்ஃப்ளோவில்.

அழைக்கும் கோப்பின் மேல்மட்டத்தில் எழுதிய என்வி (சூழல் மாறி) மதிப்புகள் மறுபயன் வொர்க்ஃப்ளோவுக்குள் போகாது. எனவே சர்வர் முகவரி, அடைவுப் பாதை போன்றவற்றை உள்ளீடுகளாக அறிவித்துவிடுங்கள். ரகசியங்களை மொத்தமாக வாரிசாகத் தரும் இன்ஹெரிட் வசதி ஒரே நிறுவனக் கணக்குக்குள்தான் உதவும். வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து அழைக்கும்போது ஒவ்வொரு ரகசியத்தையும் பெயர் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: உங்கள் பொது வொர்க்ஃப்ளோ பிரைவேட் ரெப்போவில் இருந்தால் வேறு கணக்கின் ரெப்போ அதை அழைக்கவே முடியாது. பொது ரெப்போவாகத் திறந்து வையுங்கள். சாவி எதுவும் அதில் இல்லாதபோது மறைக்க என்ன இருக்கிறது?

திறந்து வைப்பதென்றால் பதிப்பு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். மெயின் கிளையை நேரடியாக அழைக்க விட்டால், நீங்கள் அங்கே ஒரு வரி மாற்றிய கணமே 7 திட்டங்களின் டிப்ளாயும் மாறும். தொகுப்புக்கு லாக் கோப்பு தரும் பாதுகாப்பு இங்கே கிடையாது. டேகை (ஒரு கமிட்டுக்கு இட்ட பதிப்புப் பெயரை) அழைப்பது அதைவிட மேல், ஆனால் டேகை வேறு கமிட்டுக்கு நகர்த்த முடியும். 2025 மார்ச்சில் பலரும் பயன்படுத்திய டிஜே ஆக்ஷன்ஸின் சேஞ்ட் ஃபைல்ஸ் என்ற ஆக்ஷன் ஊடுருவப்பட்டபோது, அதன் டேகுகளைத்தான் தீய கமிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ரகசியங்கள் பில்ட் பதிவுகளில் வெளியாயின. முழு கமிட் ஹேஷைக் கொண்டு அழைத்தவர்களுக்கு அந்த மாற்றம் தானாகப் போய்ச் சேரவில்லை. மற்றவர்களின் ஆக்ஷன்களை ஹேஷ் கொண்டே அழையுங்கள். உங்களுடையதையும் அப்படியே அழைத்து, உயர்த்தும் வேலையை டிபென்டாபாட் அல்லது ரெனோவேட் போன்ற தானியங்கிக் கருவியிடம் விடலாம்.

நோட் பதிப்பை வொர்க்ஃப்ளோவில் எண்ணாக எழுதாதீர்கள். ஒவ்வொரு திட்டத்திலும் நோட் பதிப்பைக் குறிக்கும் என்விஎம் ஆர்சி கோப்பு ஒன்றை வைத்து, செட்டப் நோட் ஆக்ஷனை அதைப் படிக்கச் சொன்னால், மேசைக் கணினியிலும் பைப்லைனிலும் ஒரே பதிப்பு ஓடும். இன்னொன்று, வீட் என்று தொடங்கும் முன்னொட்டுள்ள என்வி மாறிகள் பில்ட் நேரத்திலேயே கோப்புக்குள் எழுதப்பட்டு உலாவிக்குப் போய்விடும். பணம் செலுத்தும் சேவையின் ரகசியச் சாவியை அந்த முன்னொட்டோடு வைத்திருக்கும் திட்டம் ஏதேனும் உள்ளதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

செக்காலை நிரலர்

மிகுந்த பயனுள்ள பதில்கள். இன்று மாலையே தேடிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: நகல்களை நீக்கிவிட்டுப் பொதுத் தொகுப்புக்கு மாறும்போது, திட்டத்தின் உண்மையான அமைவு மாறவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது? கோப்புகளைக் கண்ணால் ஒப்பிட்டால் எக்ஸ்டென்ட்ஸ் வழியாக வருபவை தெரிவதில்லை.

தேவகோட்டை ரஸ்தா

டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சி கட்டளையை ஷோகான்ஃபிக் தெரிவுடன் ஓட்டினால், எல்லா நீட்டிப்புகளும் இணைந்த இறுதி அமைவை அது அச்சிடும். எஸ்லின்டில் அதற்கு இணையான தெரிவு பிரின்ட் கான்ஃபிக். அதற்கு ஒரு மூலக் கோப்பின் பெயரையும் தர வேண்டும், ஏனெனில் விதிகள் கோப்புக்குக் கோப்பு மாறலாம். மாற்றுவதற்கு முன் இரண்டின் வெளியீட்டையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பொதுத் தொகுப்பை வெளியிடாமலேயே என்பிஎம் பேக் கட்டளையால் டார் கோப்பாக்கித் திட்டத்தில் நிறுவுங்கள். என்பிஎம் லிங்க் வேண்டாம். அது குறியிணைப்பு மட்டுமே என்பதால், பீர் டிபென்டன்சிகள் உங்கள் தொகுப்பின் அடைவிலிருந்தே தேடப்பட்டு, இல்லாத பிழைகளைக் காட்டும், இருக்கும் பிழைகளை மறைக்கும். நிறுவிய பின் அதே இரண்டு கட்டளைகளையும் மறுபடி ஓட்டி, சேமித்ததோடு டிஃப் (வேறுபாடு) எடுங்கள். பூக்கல் தளம் போன்ற சிறிய திட்டத்தில் தொடங்கலாம். ஸ்ட்ரிக்ட் அணைந்திருக்கும் இரண்டு திட்டங்களில் மட்டும், அதை அணைக்கும் வரியைத் திட்டத்தின் கோப்பிலேயே வெளிப்படையாக எழுதி, டிஃப் காலியாக வரும்படி செய்து இணைத்துவிடுங்கள்; அதை இயக்குவது வேறொரு கமிட்.